அப்பாவிடமே கேட்டார்கள்

பெங்களூரில், சில்க் போர்டு சந்திப்புக்குச் சற்று முன்னால், ஓசூர் ரோட்டில் நகராமல் நின்றிருந்த ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவசர சிகிச்சைப் பிரிவின் டியூட்டி டாக்டர், ஒரு பெண். குரலில் அவசரம் இருந்தது. பதற்றம் இல்லை.

"உங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் மாதிரி தெரியுது மேடம். பேச்சு குழறுது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு. கையைத் தூக்குங்கன்னா தூக்கல. ஸ்கேன்ல ரத்தக்கசிவு எதுவும் இல்ல, ஆனா ஆரம்பத்துல ஸ்கேன் நார்மலாவே இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு இன்ஜெக்‌ஷன் இருக்கு. சீக்கிரம் போட்டாத்தான் பலன். ஸ்ட்ரோக்கா இருந்து போடாம விட்டா கை கால் விளங்காமப் போகலாம். இந்த வயசுல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியற ஆபத்தும் உண்டு. போடலாமா வேண்டாமான்னு நீங்க சொல்லணும்."

அவர் பேசியது பாதி கன்னடம், பாதி ஆங்கிலம். நான் தமிழில் எழுதியிருக்கிறேன். சொன்ன விஷயம் இதுதான்.

அப்பா எண்பதைக் கடந்தவர். கர்நாடக அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு சில வருடங்கள் ஹெப்பகோடியில் என்னோடு இருந்தார். நான் பொம்மசந்திராவில் மருந்து பேக்கிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் போனால் இருட்டும்போதுதான் வீடு. நாள் முழுக்க அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. தான் நாற்பது வருடம் வாழ்ந்த காக்ஸ் டவுன் பக்கமே போகிறேன் என்றார். அதை ஒட்டிய ஜீவனஹள்ளியில் ஒரு முதியோர் இல்லத்தைத் தானே பார்த்துவிட்டு வந்தார். "முடி வெட்டறவன் பழைய ஆளு, பேப்பர் போடறவனும் பழைய ஆளு. வேற என்ன வேணும்?" என்றார். நானும் சம்மதித்தேன். ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பேன்.

அன்று காலை டிபன் முடிந்து நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். இல்லத்தின் மேனேஜர் ஆம்புலன்ஸை வரவழைத்து அனுப்பிவிட்டு எனக்குச் சொன்னார். நான் கிளம்பிவிட்டேன். ஆனால் ஓசூர் ரோடு நகர வேண்டுமே.

"டாக்டர், அப்பாகிட்ட ஒரு நிமிஷம் ஃபோனைக் கொடுங்க" என்றேன்.

இல்லத்திலிருந்து அவரோடு போயிருந்த ஆயாதான் ஃபோனை வாங்கி அவர் வாயருகே பிடித்தார். ஜீவனஹள்ளிக்காரர், தமிழ் பேசுகிறவர். நான் "அப்பா, அப்பா" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, காற்றும் எச்சிலுமாக வந்தன.

"எப்பவும் இப்டித்தான் பேசுவாரான்னு டாக்டரம்மா கேக்குறாங்கக்கா" என்றார் ஆயா. "நா என்னாத்த சொல்றது? நா கீழ் மாடி டூட்டி. தாத்தா மேல் மாடி. மேல் மாடி ஆயா லீவுன்னு என்னிய ஏத்தி வுட்டாங்க."

அந்தப் பேச்சு எனக்குத் தெரிந்த பேச்சாக இருந்தது. ஹெப்பகோடியில் இருந்தபோது படுக்கப் போகுமுன் பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, "லைட்டை அணைச்சிடும்மா" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தினமும் இப்படித்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் அதை நம்பப் பயமாக இருந்தது. கேட்க விரும்புவதைக் கேட்கிறேனோ என்று ஒரு பக்கம். தவறாகச் சொல்லி, போட வேண்டிய ஊசியைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம். அதனால் ஃபோனை டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி, என் ஊகத்தைச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டேன்.

"டாக்டர், அப்பா வாயில பல் செட் இருக்கா?"

பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்ல."

"கண்ணாடி போட்டிருக்காரா?"

"இல்ல."

"காதுல மிஷின்?"

"எதுவுமே இல்ல மேடம். வரும்போதே இல்ல."

அப்பாவுக்கு வலப்பக்கம் மேலே சில சொந்தப் பற்கள் இன்னும் உண்டு, இடப்பக்கம் ஒன்றும் கிடையாது, செட்டைக் கழற்றினால் இடக்கன்னம் உள்ளே போய்விடும் என்று சொன்னேன். மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதையும் சொன்னேன்.

அந்த டாக்டருக்கு நான் எதற்கெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன் என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அடுத்து வந்த அவருடைய பதில்தான். 'நீங்கள் டாக்டரா?' என்று அவர் கேட்கவில்லை. சலித்துக்கொள்ளவும் இல்லை. "நல்லதாப் போச்சு, சொன்னீங்க. லைனை வெச்சிடாதீங்க" என்றார். அவ்வளவுதான்.

ஃபோன் மறுபடி ஆயாவின் கைக்குப் போனது. பிறகு நடந்ததை அவர் எனக்குக் கிரிக்கெட் வர்ணனை போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மொதல்ல கைக்கட்ட அவுக்குறாங்கக்கா."

"கையைக் கட்டியிருந்தாங்களா?"

"ஆமாக்கா. டிரிப் ஊசியப் புடுங்கப் போறாருன்னு துணி வச்சுக் கட்டில்ல கட்டினாங்க. மூஞ்சிகிட்டயே கையக் கொண்டு போய்க்கினு இருந்தாரு. இப்பத்தான் புரியுது, பாவம், கண்ணாடியத் தேடியிருக்காரு." பிறகு, "டாக்டரம்மா பேப்பர் எடுத்துப் பட்டையா என்னமோ எழுதறாங்க. கன்னடம். தாத்தா மூஞ்சிக்கு நேராக் காட்டறாங்க. பாக்கறாரு... பாக்கறாரு... தூக்கிட்டாருக்கா! கையத் தூக்கிட்டாரு!"

"எந்தக் கை?"

"எடது கை."

"எழுதினது எந்தக் கைன்னு?"

"அய்ய, எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராதேக்கா. இரு, டாக்டரம்மாவைக் கேக்குறேன்... எடது கைதானாம்!"

ஆட்டோவில் நான் அழுதேன். சரியாகச் சொன்னால், கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது. ஏனென்றால் அதற்குள் அப்பாவின் குரல் ஃபோனில் பலமாகக் கேட்டது. பல் இல்லாமல், கன்னடத்தில், முப்பது வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் அதிகாரத்தோடு: "நானு கிவுட, ஹுச்ச அல்ல!" நான் செவிடன், பைத்தியம் இல்லை.

டாக்டர் அத்தோடு முடிவுக்கு வந்துவிடவில்லை. ஊசியை நிறுத்தி வைத்தார், விலக்கிவிடவில்லை. இல்லத்துக்கு ஃபோன் செய்து பல் செட், கண்ணாடி, மிஷின் மூன்றையும் உடனே அனுப்பச் சொன்னார். பக்கம்தான் என்பதால் ஆட்டோவில் ஓர் ஆளிடம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றையும் மாட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து எல்லாப் பரிசோதனைகளையும் செய்தார். நரம்பியல் டாக்டரையும் வரவழைத்துப் பார்க்கச் செய்தார். வாய் நேராக இருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. கை கால் இரு பக்கமும் சமமாக இயங்கின. படுத்திருக்கும்போது சரியாக இருந்த ரத்த அழுத்தம், உட்கார வைத்ததும் மளமளவென்று இறங்கியது. சிறுநீரில் தொற்று இருந்தது. எழுந்தவர் சரிந்ததற்குக் காரணம் இவைதான். ஊசி போடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கட்டில் துணி கட்டிய சிவப்புத் தடம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"லீவு போட்டியா? அரை நாளா, முழு நாளா?"

"அரை நாள்ப்பா."

"முழு நாளாப் போட்டுடு. இந்த டிராஃபிக்ல திரும்பிப் போய் என்ன கிழிக்கப் போறே."

சில நாட்கள் இருந்துவிட்டு ஜீவனஹள்ளிக்கே திரும்பினார்.

மூன்றும் ஏன் கழற்றப்பட்டன என்பது அடுத்த ஞாயிறு மேனேஜரிடம் பேசியபோதுதான் தெரிந்தது. அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு போனேன். காரணம் அதற்கு நேர் எதிரானது. முன்பு ஒருமுறை இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பாட்டியின் பல் செட் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்த மகன் இல்லத்தின் மேல்தான் பாய்ந்தாராம். அன்றிலிருந்து ஒரு வழக்கம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மோதிரம், செயின், கண்ணாடி, பல் செட், காது மிஷின் எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, பெயர் எழுதிய கவரில் போட்டு, ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். எத்தனை அவசரமானாலும் இதில் தவறியதில்லை. அப்பாவின் பொருட்களும் அப்படித்தான் பத்திரமாக இருந்தன. மோதிரமும் கண்ணாடியும் ஒரே கவரில்.

"நாங்க நல்லதுன்னுதானே மேடம் செஞ்சோம்" என்றார் மேனேஜர். கன்னடக்காரர். என்னிடம் தமிழ் பேசிப் பழகிக்கொண்டவர். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடியிருந்தது. "இதுவரைக்கும் எத்தனை பேரை இப்படி ஊமையாவும் குருடாவும் அனுப்பியிருக்கேனோ" என்று கன்னடத்தில் தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

டாக்டர் தன் ஓய்வு நாளில் ஒரு மத்தியானம் இல்லத்துக்கு வந்தார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த நாளில், "அந்த இல்லத்துல இருந்து இன்னும் நிறைய பேர் எங்ககிட்ட வர்றாங்க, ஒருதடவை வந்து பேசட்டுமா?" என்று அவர்தான் கேட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். மேனேஜர், ஆயாக்கள், ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை உட்பட அங்கே வசிப்பவர்களில் பாதிப் பேர், நான். அந்தக் கீழ் மாடி ஆயாவும் இருந்தார்.

டாக்டர் நீளமாகப் பேசவில்லை. "ஒருத்தர் நேத்து எப்படி இருந்தார்னு தெரிஞ்சாத்தான் இன்னிக்கு என்ன மாறியிருக்குன்னு எங்களுக்குத் தெரியும். எங்க முன்னாடி வர்றவங்களை நாங்க முதல்தடவையாப் பார்க்கறோம். பல், கண்ணாடி, மிஷின் இல்லாம வந்தா, வயசானவங்க எல்லாரும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியறாங்க. தப்பு எங்க பக்கமும் இருக்கு, நாங்களும் கேட்கறதில்ல" என்றார்.

ஆயாக்களில் ஒருவர், "தொலைஞ்சுபோச்சுன்னா எங்களத்தானே திட்டுவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தொலைந்தால் குடும்பம்தான் பொறுப்பு என்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வாங்கிவிடலாம் என்றேன். மிஷினை ஒரு கயிற்றில் கோத்துச் சட்டைக் காலரில் ஊசி குத்திவிடலாம் என்றார் மேனேஜர். பல் செட்டிலேயே பெயரைப் பொறித்துத் தரும் பல் டாக்டர் காக்ஸ் டவுனில் இருக்கிறார் என்றார் வட்டத்திலிருந்த ஒரு பெரியவர்.

"பேரு எதுக்கு?" என்றார் அப்பா. "என் பல்லை வேற எவன் எடுத்துப் போட்டுக்கப் போறான்?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் ஆசிரியை. "உங்க பல்லு நல்ல வெள்ளையா இருக்கு. கிடைச்சா நானே போட்டுக்குவேன்." கூடம் சிரித்து அடங்க நேரமானது. ஆசிரியை அத்தோடு விடவில்லை. "டாக்டர், நான் சொல்றதையும் கேட்டுக்கோங்க. என்னைக் கொண்டுபோற அன்னிக்கு பல்லும் இருக்கணும், பொட்டும் இருக்கணும். ஆம்புலன்ஸ்ல வர்ற டிரைவர் அழகா இருக்கான்."

டாக்டர் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆனால் கிளம்பும்போது மேனேஜரிடம், "அவங்க சொன்னது விளையாட்டு இல்ல. எது இல்லாம அவங்க அவங்களா இருக்க மாட்டாங்களோ, அது கூட வரணும்" என்றார்.

அன்று முடிவானவை எளிமையானவை. நகை மட்டும் பீரோவுக்குப் போகும். பல்லும் கண்ணாடியும் மிஷினும் ஆளோடு போகும். கூடப் போகிற ஆயா முந்தின நாள் அவரோடு பேசிப் பழகியவராக இருக்க வேண்டும். டியூட்டி மாற்றிப் போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடுமுன் முடிந்தால் ஆஸ்பத்திரிக்கு வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம், அவசரப் பிரிவில், இல்லத்திலிருந்து வருகிறவர்களை முதலில் சாய்த்து உட்கார வைத்து, பல்லும் மிஷினும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. இதையெல்லாம் தன் சீனியர்களிடம் பேசி நடைமுறைக்குக் கொண்டுவர அந்த டாக்டருக்கு எவ்வளவு பாடு ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில்லை.

எல்லாம் உடனே ஒழுங்காகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒருமுறை ஒருவருடைய மிஷின் கயிற்றோடு சேர்ந்தே தொலைந்தது. ஒருமுறை அவசரத்தில் இருவருடைய கண்ணாடிகள் மாறிப்போயின. மேனேஜர் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபோன் செய்து, "பாருங்க மேடம்" என்பார். ஆனால் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு இருமல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கத் தொடங்கியது. மேனேஜர் வீடியோவில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார். இந்த முறை டியூட்டியில் இருந்தவர் வேறொரு டாக்டர், எங்களுக்குத் தெரியாத ஆண். அவர் மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "ஃபோனை அவர்கிட்ட திருப்புங்க" என்றாராம். "சார், ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா, அங்கேயே மருந்து ஆரம்பிச்சுப் பார்க்கலாமா?" அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வர்றேன். இங்கே மூச்சு முட்டுது" என்றார். மேல் மாடி ஆயா கூடப் போனார்.

நான் மறுபடியும் பொம்மசந்திராவிலிருந்து கிளம்பினேன். வழி நெடுகிலும் பதில்களைத் தயார் செய்துகொண்டே போனேன். என்னென்ன மாத்திரை, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, போன தடவை ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது, எந்தக் காதில் கொஞ்சம் கேட்கும். எதைக் கேட்டாலும் தடுமாறக் கூடாது என்று மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ஃபோன் ஒலிக்கும், முடிவு கேட்பார்கள் என்று அதைக் கையிலேயே பிடித்திருந்தேன். ஒலிக்கவில்லை.

அவசரப் பிரிவில் திரையை விலக்கியபோது வீடியோவில் பேசிய டாக்டர் ஒரு ஸ்டூலில், அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தார். அப்பாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்ணாடி இருந்தது. ஆயா கட்டிலின் அந்தப் பக்கம், அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பிடித்திருந்தார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"மகள்."

"உட்காருங்க மேடம். அவர் சொல்லி முடிக்கட்டும்."

அப்பா சுருக்கமாகப் பேசத் தெரியாதவர். மூச்சு வாங்கும்போதும் அப்படித்தான். இருமல் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு, பேப்பர் போடுகிறவன் மழையில் நனைந்த பேப்பரைக் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்தார். டாக்டர் அவரை அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் இன்னும் மெதுவாகக் கேட்டார்.

"சார், மருந்து கேட்கும்னு நம்பறேன். ஒருவேளை மூச்சு இன்னும் மோசமாச்சுன்னா மூஞ்சில இறுக்கமா ஒரு மாஸ்க் வெச்சுக் காத்து கொடுப்போம். அதுவும் போதலைன்னா தொண்டைக்குள்ள டியூப் போட்டு மிஷின்ல வைக்கணும். அது தேவைப்படற நேரத்துல உங்களால பேச முடியாது. அதனால இப்பவே கேட்டுக்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அப்பா கையை லேசாக அசைத்து என்னை உட்காரச் சொன்னார்.

"மாஸ்க் வைங்க. எவ்வளவு நாள் வேணும்னாலும் வைங்க" என்றார். "டியூப் வேண்டாம். பக்கத்து ரூம்காரர் அப்படிப் போய்த் திரும்பி வரலை. நான் யோசிச்சு வெச்சதுதான்." பிறகு என்னைக் காட்டி, "இவளைக் கேக்காதீங்க டாக்டர். இவளைக் கேட்டா, எல்லாத்தையும் பண்ணுங்கன்னுதான் சொல்லுவா."

உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்பேன். வழியில் தயார் செய்து வைத்த பதில்களில் அதுவும் ஒன்று. இந்த டாக்டரும் என்னை ஃபோனில் பிடித்துக் கேட்டிருந்தால், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே, அப்பாவுக்கு வேண்டாத ஒன்றை அவருக்காகக் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருப்பேன். அதைக் கடைசிவரை அன்பு என்றே நினைத்திருப்பேன்.

இரண்டு நாள் மாஸ்க் வைத்தார்கள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. அப்பா ஜீவனஹள்ளியில்தான் இருக்கிறார். ஞாயிறன்று போனால், டியூப் விஷயத்தில் இன்னும் தன் முடிவு மாறவில்லை என்று ஞாபகப்படுத்துகிறார். நான் வாதாடிப் பார்ப்பேன். அவர் காது மிஷினின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேப்பரைத் திருப்புவார்.